ஈசிஜியையும் எக்கோவையும் லேப்டாப்பில் அளப்பது எப்படி: ஒரு பழைய சர்வீஸ் ஆளின் வழிமுறை

பயோமெடிக்கல் இறுதியாண்டு மாணவர்கள் என்னிடம் வரும்போது புராஜெக்ட் தலைப்பு ஏற்கெனவே முடிவாகியிருக்கும். நியூரல் நெட்வொர்க், இதய நோய், 99 சதவீதத் துல்லியம். ஈசிஜி பேப்பரில் ஒரு பெரிய கட்டம் எத்தனை வினாடி என்று கேட்டால் பாதிப் பேரிடம் பதில் இருக்காது. கல்லூரி லேபுக்கு வருவதற்கு முன் நான் திருநெல்வேலி, தூத்துக்குடி பக்கம் ஆஸ்பத்திரி ஆஸ்பத்திரியாகப் போய் ஈசிஜி மெஷின் சர்வீஸ் செய்தவன். அதனால் எனக்கு ஒரு பிடிவாதம் உண்டு. முதலில் அலையைக் கண்ணால் பார்த்து, கட்டத்தை எண்ணி அளக்க வேண்டும். அப்புறம் அதே அளவைக் கம்ப்யூட்டரை எடுக்கச் சொல்ல வேண்டும். இரண்டும் ஒத்துப்போன பிறகுதான் மாடல். இந்தக் கட்டுரையும் அந்த வரிசையில்தான் போகும்.

தேவையானவை அதிகம் இல்லை. சாதாரண லேப்டாப் போதும், கிராஃபிக்ஸ் கார்டு வேண்டாம். பைத்தான், அதோடு நம்பை, சைபை, மேட்பிளாட்லிப், இதய சிக்னல் கோப்புகளைப் படிக்க டபிள்யூஎஃப்டிபி என்ற நூலகம். இந்த ஐந்தும் இலவசம்.

இன்னொன்றையும் இப்போதே சொல்லிவிடுகிறேன். இங்கே சொல்வதெல்லாம் படிக்கவும் ஆராயவும்தான். உங்களுக்கோ வீட்டில் யாருக்கோ நெஞ்சில் பாரம், இடது கையில் வலி, வியர்வை, மூச்சுத் திணறல் என்று வந்தால் லேப்டாப்பைத் திறக்காதீர்கள். 108ஐக் கூப்பிடுங்கள்.

எந்த டேட்டாவில் தொடங்குவது

மருத்துவ சிக்னல்களைத் திரட்டி வைத்திருக்கும் பிசியோநெட் தளத்தில் எம்ஐடி-பிஐஹெச் அரித்மியா (இதய லயக் கோளாறு) டேட்டாபேஸ் என்று ஒன்று இருக்கிறது. பாஸ்டன் நகரின் பெத் இஸ்ரேல் மருத்துவமனை 1975 முதல் 1979 வரை ஆராய்ந்த ஹோல்டர் பதிவுகளிலிருந்து, அதாவது உடம்பில் மாட்டிய கருவி நாள் முழுக்க டேப்பில் எடுத்த ஈசிஜிகளிலிருந்து, எடுத்தது. 47 பேரிடமிருந்து 48 பதிவுகள், ஒவ்வொன்றும் அரை மணி நேரம், இரண்டு சேனல். 1980லிருந்து உலகம் முழுக்கப் புழங்குகிறது. குறைந்தது இரண்டு இதய மருத்துவர்கள் தனித்தனியாகப் பார்த்து ஒவ்வொரு துடிப்புக்கும் பெயர் குறித்து, கருத்து வேறுபட்ட இடங்களைப் பேசித் தீர்த்திருக்கிறார்கள். மொத்தம் ஏறத்தாழ 1,10,000 குறிப்புகள். இந்த உழைப்புதான் அந்த டேட்டாவின் மதிப்பு; சிக்னல் எங்கே வேண்டுமானாலும் கிடைக்கும்.

பதிவு எண்களில் ஒரு விஷயம் ஒளிந்திருக்கிறது. 100 வரிசையில் உள்ள 23 பதிவுகளும் 4,000 ஹோல்டர் பதிவுகளிலிருந்து குலுக்கல் முறையில் எடுத்தவை. 200 வரிசையில் உள்ள 25ம் அரிதான, ஆனால் கவனிக்க வேண்டிய லயக் கோளாறுகளுக்காகத் தேடிப் பொறுக்கியவை. ஆகவே "மக்களில் இத்தனை சதவீதம் பேருக்கு இந்தக் கோளாறு" என்று இந்த டேட்டாவை வைத்துக் கணக்குப் போட முடியாது. அப்படிப் போட்ட புராஜெக்ட் ரிப்போர்ட்டுகளை நான் திருத்தியிருக்கிறேன்.

இந்த டேட்டாவில் சிக்னலை வினாடிக்கு 360 தடவை அளந்து எண்ணாக்கியிருக்கிறார்கள். வினாடிக்கு 360 மாதிரிகள் என்பது ஏன் என்று யாரும் கேட்பதில்லை. அமெரிக்காவில் மின்சாரம் 60 ஹெர்ட்ஸ். 360 அதன் ஆறு மடங்கு, அதனால் 60 ஹெர்ட்ஸ் இரைச்சலை வெட்டும் ஃபில்டரை எளிதாக எழுதிவிடலாம். நம் ஊர்ப் பழக்கத்தில் 50 ஹெர்ட்ஸை மட்டும் வெட்டும் நாட்ச் ஃபில்டர் போட்டால் இந்த டேட்டாவில் இருக்கும் மின் இரைச்சல் அப்படியே இருக்கும். இதைவிட வேடிக்கை ஒன்று உண்டு. ஹோல்டர் கருவி பேட்டரியில் ஓடுவது. மின் இரைச்சலில் பெரும்பகுதி, டேப்பைத் திரும்ப ஓட்டிக் கம்ப்யூட்டரில் ஏற்றும்போது நுழைந்தது. சில டேப்புகளை இரண்டு மடங்கு வேகத்தில் ஓட்டியிருக்கிறார்கள். அந்தப் பதிவுகளில் 60 ஹெர்ட்ஸ் இரைச்சல் 30 ஹெர்ட்ஸில் போய் உட்கார்ந்திருக்கும். அலைவரிசைப் படம் வரைந்து பார்க்கும் மாணவன் "30ல் ஏதோ ஊசி மாதிரி நிற்கிறது, இது என்ன நோய் சார்?" என்று கேட்பான். நோய் இல்லை தம்பி, டேப் ரெக்கார்டர்.

வரைந்து பாருங்கள்

பதிவு 100ஐ எடுங்கள். கோப்பில் இருப்பவை வெறும் முழு எண்கள். 1024ஐக் கழித்து 200ஆல் வகுத்தால் மில்லிவோல்ட். நூலகமே இதைச் செய்து கொடுக்கும், ஆனாலும் ஒரு தடவை கையால் செய்து சரிபாருங்கள். முதல் 10 வினாடி, அதாவது 3,600 மாதிரிகளை வரையுங்கள்.

வரையும்போது ஈசிஜி ரோல் பேப்பரின் கட்டங்களையும் சேர்த்து வரைய வேண்டும். பேப்பர் வினாடிக்கு 25 மில்லிமீட்டர் ஓடும், ஒரு மில்லிவோல்ட்டுக்கு 10 மில்லிமீட்டர் உயரம். ஆகச் சின்னக் கட்டம் 0.04 வினாடி, 0.1 மில்லிவோல்ட். பெரிய கட்டம் 0.2 வினாடி, 0.5 மில்லிவோல்ட். துடிப்புக்கு ஒன்றாகக் கூர்மையாக எழும் உச்சிதான் ஆர் முனை. இரண்டு ஆர் முனைகளுக்கு நடுவே எத்தனை பெரிய கட்டம் என்று எண்ணி, 300ஐ அதால் வகுத்தால் நிமிடத்துக்கு இத்தனை துடிப்பு. பதிவு 100இல் சுமார் நான்கு கட்டம் வரும். 300ஐ 4ஆல் வகுத்தால் 75. இப்போது குறிப்புக் கோப்பைத் திறந்து பாருங்கள்: அரை மணி நேரத்துக்கு 2,273 துடிப்புகள். நிமிடத்துக்கு 75ஐ ஒட்டித்தான் வருகிறது. கண்ணும் கணக்கும் ஒத்துப்போனால், மேலே போகலாம்.

சேனலை எப்போதும் பெயரைப் பார்த்து எடுங்கள், வரிசை எண்ணை நம்பாதீர்கள். லீட் என்பது எலெக்ட்ரோடுகளை வைத்து இதயத்தை ஒரு கோணத்திலிருந்து பார்ப்பது. பெரும்பாலான பதிவுகளில் முதல் சேனல் மாற்றியமைத்த இரண்டாம் லீட். 114இல் சேனல்கள் இடம் மாறியிருக்கும். 102, 104 இரண்டிலும் அந்த லீடே கிடையாது; அறுவை சிகிச்சைக் கட்டு இருந்ததால் அங்கே எலெக்ட்ரோடு ஒட்ட முடியவில்லை. 102, 104, 107, 217 ஆகிய நான்கும் பேஸ்மேக்கர் வைத்தவர்களின் பதிவுகள். தொடக்கத்தில் இந்த நான்கையும் ஒதுக்கி வையுங்கள்.

இரைச்சலை எடுப்பது, எடுக்காமல் விடுவது

ஈசிஜியில் மூன்று வகைக் குப்பை சேரும். மூச்சு இழுத்து விடும்போது கோடு மெல்ல மேலும் கீழும் அலையும்; இது பெரும்பாலும் 0.5 ஹெர்ட்ஸுக்குக் கீழே இருக்கும். அடுத்தது மின் இரைச்சல். மூன்றாவது தசை நடுக்கம், இதற்கு ஒரு குறிப்பிட்ட இடம் கிடையாது, இதயச் சிக்னலோடு கலந்தே இருக்கும்.

துடிப்பை எண்ண மட்டும் என்றால் 0.5 முதல் 40 ஹெர்ட்ஸ் வரை வைத்துக்கொண்டு மற்றதை வெட்டலாம். வார்டு மானிட்டர்கள் ஏறத்தாழ அப்படித்தான் காட்டும். ஆனால் எஸ்டி பகுதியை, அதாவது கூர்மையான உச்சி முடிந்து அடுத்த மேடு தொடங்கும் வரை உள்ள கோட்டை, பார்க்கப் போகிறீர்கள் என்றால் அந்த ஃபில்டர் ஆபத்து. எஸ்டி பகுதி மெதுவாக நகரும் சமாச்சாரம்; 0.5 ஹெர்ட்ஸில் வெட்டினால் அது இல்லாத இடத்தில் ஏறும், இருக்கிற இடத்தில் இறங்கும். மாரடைப்பு இருக்கிறதா இல்லையா என்று மருத்துவர் பார்ப்பதே அந்த ஒன்றிரண்டு மில்லிமீட்டரைத்தான். அதனால்தான் நோயறிய எடுக்கும் 12 லீட் ஈசிஜியில் கீழ் எல்லை 0.05 ஹெர்ட்ஸ். என் வழக்கம், சிக்னலை இரண்டு பிரதியாக வைத்துக்கொள்வது: துடிப்பைத் தேட ஒன்று, உயரத்தையும் வடிவத்தையும் அளக்கத் தொடாத ஒன்று. ஃபில்டரை முன்னோக்கி ஒரு தடவை, பின்னோக்கி ஒரு தடவை ஓட்டுங்கள். சைபையில் அதற்கென்றே செயலி இருக்கிறது. இல்லாவிட்டால் அலை முழுவதும் சில மில்லிசெகண்ட் தள்ளிப்போய் நிற்கும்.

சர்வீஸ் காலத்தில் கற்றதையும் இங்கே சொல்ல வேண்டும். "மெஷின் கெட்டுப்போச்சு, கோடெல்லாம் ஆடுது" என்று வந்த அழைப்புகளில் பெரும்பாலும் மெஷினில் ஒன்றுமே இருக்காது. ஜெல்லி காய்ந்திருக்கும், சக்‌ஷன் பல்பில் துரு ஏறியிருக்கும், பிளக்கில் எர்த் இருக்காது, இல்லையென்றால் படுத்திருப்பவருக்கு ஏசி குளிரில் உடம்பு நடுங்கும். போர்வை ஒன்று போர்த்தினால் சரியாகிற இரைச்சலுக்கு ஃபில்டர் எழுதி மாளாது.

ஆர் முனையைப் பிடிப்பது

வேலையில் பாதி இதுதான். 1985இல் ஜியாபு பான், வில்லிஸ் டாம்ப்கின்ஸ் என்ற இருவர் எழுதிய முறை இன்னும் நிற்கிறது. அன்றைய சின்ன மைக்ரோபிராசசரில் நேரடியாக ஓடும்படி செய்தது. மேலே சொன்ன அதே பாஸ்டன் டேட்டாவில் 99.3 சதவீதத் துடிப்புகளைச் சரியாகப் பிடித்ததாக அவர்கள் எழுதினார்கள். நூலகத்தில் ஒரே வரியில் கிடைக்கிறது என்பது எனக்கும் தெரியும். இருந்தாலும் ஒரு தடவை நீங்களே எழுதுங்கள். அப்போதுதான் தப்பும்போது எந்தப் படியில் தப்பியது என்று தெரியும்.

முதலில் 5 முதல் 15 ஹெர்ட்ஸ் வரை மட்டும் விட்டு மற்றதை வெட்டுங்கள். க்யூஆர்எஸ் என்னும் கூர்மையான பகுதியின் சக்தி பெரும்பாலும் இங்கே இருக்கும். அதற்கு முன் வரும் சின்ன மேடான பி அலையும், பின்னால் வரும் மேடான டி அலையும் இதில் தணிந்துவிடும்.

அடுத்து, சரிவைக் கணக்கிடுங்கள். க்யூஆர்எஸ் செங்குத்தாக ஏறி இறங்குவது, டி அலை சாவகாசமாக ஏறி இறங்குவது. சரிவு எடுத்தால் இரண்டுக்கும் வித்தியாசம் பெரிதாகும்.

அந்தச் சரிவை வர்க்கப்படுத்துங்கள். கீழ்நோக்கிய சரிவும் நேர்மதிப்பாகிவிடும், பெரியது இன்னும் பெரிதாகும்.

பிறகு 150 மில்லிசெகண்ட் அகலமுள்ள ஜன்னலை நகர்த்திச் சராசரி எடுங்கள். 360 மாதிரிக்கு இது 54 புள்ளிகள். ஆய்வுக் கட்டுரையில் 30 என்று இருக்கும், ஏனென்றால் அவர்கள் வினாடிக்கு 200 மாதிரிகள் வைத்தார்கள். எண்ணை அப்படியே நகலெடுக்கிறவர்கள் மாட்டுவது இங்கேதான். ஜன்னல் குறுகினால் ஒரே துடிப்பு இரண்டாக உடையும், அகலமானால் டி அலையும் உள்ளே வந்து ஒட்டிக்கொள்ளும்.

இப்போது உங்களிடம் துடிப்புக்கு ஒன்றாக மேடுகள் இருக்கும். எந்த மேடு துடிப்பு, எது இரைச்சல் என்று பிரிக்க வேண்டும். நிலையான எல்லை வைத்தால் ஐந்து நிமிடம்கூடத் தாங்காது. ஆள் புரண்டு படுத்தாலே உயரம் மாறிவிடும். எனவே இரண்டு எண்களை ஓட்டத்தில் வைத்துக்கொள்ள வேண்டும்: துடிப்பு மேட்டின் உயரம், இரைச்சல் மேட்டின் உயரம். புதிதாகத் துடிப்பு கிடைத்தால் அதன் உயரத்தில் எட்டில் ஒரு பங்கு, பழைய மதிப்பில் எட்டில் ஏழு பங்கு, கூட்டினால் புது மதிப்பு. இரைச்சலுக்கும் அதே கணக்கு. எல்லைக்கோடு என்பது இரைச்சல் உயரத்தோடு, இரண்டுக்கும் உள்ள வித்தியாசத்தில் கால் பங்கைச் சேர்த்தால் வருவது.

இதற்கு மேல் மூன்று காவல் விதிகள் உண்டு. ஒரு துடிப்புக்குப் பின் 200 மில்லிசெகண்டுக்குள் இன்னொன்று வந்தால் தள்ளிவிடுங்கள். இதயத் தசை அவ்வளவு சீக்கிரம் மறுபடி சுருங்காது. 200க்கும் 360 மில்லிசெகண்டுக்கும் நடுவே வந்தால் சரிவைப் பாருங்கள். முந்தைய துடிப்பின் சரிவில் பாதிகூட இல்லையென்றால் அது டி அலை. மூன்றாவது, சராசரி இடைவெளியைப் போல 1.66 மடங்கு நேரம் போயும் துடிப்பு எதுவும் வரவில்லை என்றால், எல்லைக்கோட்டைப் பாதியாக்கிக்கொண்டு போன வழியில் திரும்பித் தேடுங்கள். ஒன்று நழுவியிருக்கும்.

கடைசியாக, மேடு இருக்கும் இடம் ஆர் முனை இல்லை, சற்றுத் தள்ளியிருக்கும். அதை வழிகாட்டியாக வைத்து, தொடாமல் வைத்த பிரதியில் அக்கம்பக்கம் தேடி உண்மையான முனையைக் குறியுங்கள்.

சரிபார்க்கும்போது உங்கள் குறி மருத்துவர் குறியிலிருந்து முன்பின் 150 மில்லிசெகண்டுக்குள் இருந்தால் சரி என்று வையுங்கள். இரண்டு எண்கள் போதும்: இருந்த துடிப்புகளில் எத்தனை சதவீதம் பிடித்தீர்கள், பிடித்தவற்றில் எத்தனை சதவீதம் உண்மையான துடிப்பு. குறிப்புக் கோப்பில் துடிப்பல்லாத குறிகளும் கலந்திருக்கும், லயம் மாறியது, சத்தம் கூடியது என்பதுபோல. பதிவு 100இல்கூட 2,273 துடிப்போடு லயக்குறி ஒன்று சேர்ந்து 2,274 வரிகள் இருக்கும். அவற்றை நீக்கிவிட்டு எண்ணுங்கள்.

100இல் நூற்றுக்கு நூறை ஒட்டி வரவில்லை என்றால் நிரலில் பிழை. அது வந்த பிறகு 105ஐயும் 108ஐயும் ஓட்டிப் பாருங்கள். 105இல் இரைச்சல் அதிகம். 108இல் பி அலை எழுந்து நின்று ஆர் மாதிரி வேஷம் போடும். 207இல் வென்ட்ரிகுலர் ஃப்ளட்டர் (கீழறை அதிவேகமாகப் படபடப்பது) வரும் இடங்களில் தனித்தனித் துடிப்பு என்று சுட்டிக்காட்டவே ஒன்றும் இருக்காது. அங்கே உங்கள் நிரல் என்ன சொல்கிறது என்று பார்ப்பது ஒரு நல்ல பாடம்.

இடைவெளியிலிருந்து என்ன தெரியும்

ஆர் முனைகள் கைக்கு வந்துவிட்டால் அடுத்தடுத்த இடைவெளிகளை மில்லிசெகண்டில் பட்டியலிடுங்கள். அதை வரைந்தாலே நிறையத் தெரியும். ஒரே மட்டமாக, மூச்சோடு லேசாக அசைந்து போனால் சாதாரண லயம். ஒன்று சட்டென்று குறுகி, அடுத்தது நீண்டால் முந்திக்கொண்ட துடிப்பு. அது 120 மில்லிசெகண்டுக்கு மேல் அகலமாகவும் இருந்தால் கீழறையிலிருந்து வந்திருக்க வாய்ப்பு அதிகம். பதிவு 119ஐப் பாருங்கள், ஒன்று விட்டு ஒன்று, இரண்டு விட்டு ஒன்று என்று அழகாக மாறி மாறி வரும். எந்த ஒழுங்கும் இல்லாமல் இடைவெளி தாறுமாறாக இருந்து, பி அலையும் காணவில்லை என்றால் ஏட்ரியல் ஃபிப்ரிலேஷனை, அதாவது மேலறை ஒழுங்கில்லாமல் நடுங்குவதை, சந்தேகிக்கலாம். 202, 203 போன்ற பதிவுகளில் பார்க்கலாம்.

துடிப்பு வேறுபாட்டை, அதாவது துடிப்புக்குத் துடிப்பு இடைவெளி எவ்வளவு மாறுகிறது என்பதை, அளப்பவர்கள் ஓர் இடத்தில் நிதானிக்க வேண்டும். ஆர்எம்எஸ்எஸ்டி என்ற அளவு, அடுத்தடுத்த இடைவெளிகளின் வித்தியாசத்தை வர்க்கப்படுத்தி, சராசரி எடுத்து, வர்க்கமூலம் காண்பது. 800, 810, 790, 805 என்று நான்கு இடைவெளி இருந்தால் வித்தியாசங்கள் 10, 20, 15. விடை ஏறத்தாழ 15.5 மில்லிசெகண்ட். இப்போது அதே ஆளுக்கு முந்திய துடிப்பு ஒன்று வருகிறது என்று வையுங்கள்: 800, 500, 1100, 800. சராசரி இடைவெளி இன்னும் 800தான், நாடித்துடிப்பில் மாற்றமே இல்லை. ஆர்எம்எஸ்எஸ்டி மட்டும் 424க்கு எகிறிவிடும். வேறுபாடு கூடுதலாக இருந்தால் நல்லது என்று படித்துவிட்டு வந்தவர், "இவருக்கு நரம்பு மண்டலம் அருமையாக இருக்கிறது" என்று எழுதிவிடுவார். ஒரே ஒரு துடிப்பு செய்கிற வேலை இது. இயல்பான துடிப்புக்கும் அடுத்த இயல்பான துடிப்புக்கும் இடைப்பட்டதை மட்டும் கணக்கில் எடுங்கள். 5 நிமிடப் பதிவின் அளவையும் 24 மணி நேரப் பதிவின் அளவையும் ஒன்றோடொன்று ஒப்பிடவும் கூடாது.

சொந்தமாக ஒரு சிக்னல் எடுக்க

மாணவர்கள் ஏடி8232 என்ற சிப் வைத்த சின்ன போர்டை வாங்கி, ஆர்டுயினோ என்ற சின்ன கன்ட்ரோலர் போர்டோடு இணைத்து, மூன்று எலெக்ட்ரோடு ஒட்டி எடுப்பார்கள். கற்றுக்கொள்ள நல்ல கருவி. ஒரே கண்டிப்பு: உடம்பில் ஒயர் இருக்கும்போது லேப்டாப் சார்ஜர் பிளக்கில் இருக்கவே கூடாது. பேட்டரியில் ஓட்டுங்கள். ஆஸ்பத்திரி மெஷினுக்குள் நோயாளியையும் மின்சாரத்தையும் பிரிக்கத் தனிச் சுற்று இருக்கும். இந்த போர்டில் அது கிடையாது. சார்ஜரைக் கழற்றினால் 50 ஹெர்ட்ஸ் இரைச்சலும் வெகுவாகக் குறையும் என்பது கூடுதல் லாபம்.

மாதிரி எடுக்கும் நேரத்தை டைமர் வைத்துக் கட்டுப்படுத்துங்கள். ஒவ்வொரு சுற்றிலும் இத்தனை மில்லிசெகண்ட் தாமதி என்று எழுதினால், எழுத்தை அனுப்ப ஆகும் நேரமும் சேர்ந்து இடைவெளி சீராக இருக்காது. அந்தக் கோணலெல்லாம் துடிப்பு வேறுபாடு என்ற பெயரில் உங்கள் ரிப்போர்ட்டுக்குள் வந்துவிடும். நண்பனின் ஈசிஜி என்றாலும் எழுத்தில் சம்மதம் வாங்குங்கள், கோப்பில் பெயர் வேண்டாம்.

எக்கோ படத்தில் இஎஃப்

ஈசிஜி மின்சாரத்தைச் சொல்லும். இதயம் எவ்வளவு ரத்தத்தைத் தள்ளுகிறது என்பதை எக்கோ, அதாவது இதயத்தின் அல்ட்ராசவுண்ட் படம், சொல்லும். எக்கோ ரிப்போர்ட்டில் எல்லோரும் முதலில் தேடும் எண் இஎஃப். இடது கீழறை முழுக்க நிரம்பியிருக்கும்போது உள்ள கொள்ளளவிலிருந்து, முழுக்கச் சுருங்கியபின் உள்ளதைக் கழித்து, முதலாவதால் வகுத்தால் வரும் சதவீதம். 55 பக்கம், அதற்கு மேல் என்றால் பொதுவாக இயல்பு. 40ம் அதற்குக் கீழும் என்றால் தெளிவாகக் குறைவு.

பயிற்சிக்கு ஸ்டான்ஃபோர்டின் எக்கோநெட்-டைனமிக் தொகுப்பு இருக்கிறது. 10,030 வீடியோக்கள், நான்கு அறைகளும் தெரியும் கோணம், 112க்கு 112 பிக்செல். ஆராய்ச்சிக்கு மட்டும் என்ற ஒப்பந்தத்தை ஏற்றுக்கொண்டால் தருவார்கள். நிரம்பிய கணத்திலும் சுருங்கிய கணத்திலும் அறையின் உள்சுவரை நிபுணர்கள் வரைந்த கோடும் அதில் உண்டு. அந்தக் கோட்டை வைத்து முதலில் கையால் கணக்குப் போடுங்கள்.

கொள்ளளவுக்கு எளிய சூத்திரம்: 8 × பரப்பு × பரப்பு ÷ (3 × 3.14 × நீளம்). நிரம்பியபோது பரப்பு 30 சதுர சென்டிமீட்டர், நீளம் 8.5 என்றால் கொள்ளளவு சுமார் 90 மில்லி. சுருங்கியபோது பரப்பு 18, நீளம் 7 என்றால் சுமார் 39 மில்லி. இஎஃப் 56. இப்போது சுருங்கிய படத்தில் சுவரை ஒரு நூல் வெளியே தள்ளி வரைந்து, பரப்பை 18க்குப் பதில் 20 என்று வையுங்கள். கொள்ளளவு 48க்கு மேல் போகும், இஎஃப் 46க்கு இறங்கும். இரண்டு சதுர சென்டிமீட்டரில் இயல்பான இதயம் பலவீனமான இதயமாகிவிடுகிறது. எக்கோ படத்தில் அந்தச் சுவர் மங்கலாக, தசை மடிப்புகளோடு இருக்கும் என்பதைச் சேர்த்து யோசித்தால், "இஎஃப் 57.3" என்று புள்ளி வைத்து எழுதுவது எவ்வளவு அபத்தம் என்று புரியும். அந்தத் தொகுப்பை வெளியிட்ட ஸ்டான்ஃபோர்டு குழுவின் 2020 ஆய்விலேயே மாடலுக்கும் நிபுணருக்கும் சராசரி வித்தியாசம் 4.1 புள்ளி.

மருத்துவமனைகளில் இரண்டு கோணங்களில் படமெடுத்து, அறையை 20 வட்டத் தட்டுகளாக நறுக்கிக் கூட்டும் சிம்ப்சன் முறை வழக்கம். ஒரே கோணத்தை வைத்துச் செய்யும் நாம் அறை ஒரு நீள்கோளம் என்று நம்பிக்கொள்கிறோம். மாரடைப்பு வந்து ஒரு பக்கச் சுவர் மட்டும் அசையாமல் நிற்கும் இதயத்தில் அந்த நம்பிக்கை பலிக்காது.

பலரும் கேட்கும் கேள்வி: பிக்செலைச் சென்டிமீட்டராக மாற்ற அளவுகோல் இல்லையே, என்ன செய்வது? இஎஃப் வெறும் விகிதம். இரண்டு கொள்ளளவும் ஒரே அளவுகோலில் இருந்தால் அது அடிபட்டுப்போகும். படத்தை அகலத்திலும் உயரத்திலும் வெவ்வேறு விகிதத்தில் நசுக்காமல் இருந்தால் போதும். கொள்ளளவை மில்லியில் சொல்ல மட்டும் முடியாது. லயம் சீராக இல்லாதவருக்கு ஒரு துடிப்பை வைத்து முடிவு சொல்லாமல், பல துடிப்புகளை அளந்து சராசரி எடுங்கள்.

மார்பு எக்ஸ்ரேயில் இதய அகலத்தை நெஞ்சுக்கூட்டின் உள்ளகலத்தால் வகுக்கும் கணக்கும் உண்டு, 0.5ஐத் தாண்டினால் இதயம் பெருத்திருக்கலாம். முதுகுப் பக்கமிருந்து கதிர் விழுந்த படமா என்று மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள். படுக்கையில் வைத்து முன்பக்கமிருந்து எடுத்த படத்தில் எல்லோர் இதயமும் பெரிதாகத்தான் தெரியும்.

இப்போது மாடல்

இதுவரை வந்தவர்கள் மாடல் போடலாம். முதலில் ஒரு கணக்கு. பதிவு 100இல் 2,273 துடிப்பில் 2,239 இயல்பு, 33 மேலறையிலிருந்து முந்தியவை, 1 கீழறையிலிருந்து முந்தியது. எதைக் காட்டினாலும் "இயல்பு" என்று சொல்லும் ஒற்றை வரி நிரலுக்கு இங்கே 98.5 சதவீதத் துல்லியம் கிடைக்கும். அதனால் துல்லியம் என்ற சொல்லை ரிப்போர்ட்டிலிருந்து எடுத்துவிட்டு, ஒவ்வொரு வகைத் துடிப்புக்கும் தனித்தனியாக எத்தனை பிடித்தது, எத்தனை பொய்யாகச் சொன்னது என்று அட்டவணை கேட்பேன்.

இதைவிடப் பெரிய ஓட்டை, டேட்டாவைப் பிரிக்கும் விதம். ஒரு லட்சம் துடிப்புகளையும் கலக்கிக் குலுக்கி, 80 சதவீதம் பயிற்சிக்கு, 20 தேர்வுக்கு என்று பிரித்தால் ஒரே ஆளின் துடிப்பு இரண்டு பக்கமும் இருக்கும். மாடல் நோயைக் கற்காது, ஆளை அடையாளம் கண்டுகொள்ளும். 99 சதவீதம் பெரும்பாலும் இப்படித்தான் வருகிறது. ஆள் வாரியாகப் பிரியுங்கள். பேஸ்மேக்கர் பதிவுகள் நான்கையும் நீக்கி, மீதி 44ஐ 22, 22 என்று பிரிக்கும் முறை ஒன்று 2004இலிருந்து புழக்கத்தில் இருக்கிறது. அதையே பின்பற்றினால் மற்றவர்களோடு ஒப்பிடவும் முடியும். இங்கேயும் ஒரு பொறி: 201, 202 இரண்டும் ஒரே ஆளுடையவை. பதிவு 48, ஆள் 47 என்று மேலே சொன்னது அதனால்தான்.

ஆள் வாரியாகப் பிரித்ததும் எண்கள் சரியும், குறிப்பாக மேலறை முந்திய துடிப்புகளில். மாணவர்கள் முகம் வாடிப்போவார்கள். எனக்கு அந்த எண்தான் பிடிக்கும், அதை வைத்துத்தான் மதிப்பெண்ணும் போடுகிறேன்.

பாஸ்டன் டேட்டா கைவந்தபின் பிடிபி-எக்ஸ்எல்லுக்குப் போங்கள். ஜெர்மனியில் திரட்டியது, 10 வினாடி, 12 லீட் ஈசிஜிகள் 21,000க்கு மேல், ஏறத்தாழ 19,000 பேரிடமிருந்து. ஆள் கலந்துவிடாமல் பத்துப் பங்காக அவர்களே பிரித்து வைத்திருக்கிறார்கள். முதல் எட்டு பயிற்சிக்கு, ஒன்பதாவது சரிபார்க்க, பத்தாவது தேர்வுக்கு. பத்தாவது பங்கைப் புராஜெக்டின் கடைசி வாரம் வரை திறக்காதீர்கள்.